ஹேர்மன் ஸ்டௌடிங்கர் (1881 – 1965): மாமூலக்கூறுகளை உலகுக்கு உணர்த்திய அறிஞர்

முன்னுரை

காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை நாம் பல்பகுதியங்களோடுதான் வாழ்கின்றோம். பல் துலக்கும் தூரிகையின் நார் நைலோன். கடையில் சாமான் போட்டுத் தரும் பை பொலித்தீன். சைக்கிள் ரயர் இறப்பர். உடுக்கும் பருத்தித் துணி செலுலோசு. உண்ணும் சோறு மாப்பொருள். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியானால் அது பல்பகுதியம் எனப்படும். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக அமையும் சிறிய மூலக்கூறு ஒருபகுதியம் எனப்படும். இது இன்று பாடசாலை மாணவர் அனைவரும் அறிந்த செய்தி.

ஆனால் 1920ஆம் ஆண்டளவில் இதனைக் கூறிய ஒருவரை உலகின் பெரிய இரசாயன அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தனர். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்றனர். அவர்கள் நடுவே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தளராது வாதாடி, பரிசோதனை மூலம் உண்மையை நிலைநாட்டியவரே ஹேர்மன் ஸ்டௌடிங்கர் ஆவார். அவரது வாழ்க்கையையும், அவர் கண்ட உண்மையைப் பிற்காலத்தில் ஒரு கருவி கண்முன்னே காட்டிய வரலாற்றையும் இப்பகுதியில் நோக்குவோம். கலைப்பிரிவு மாணவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடியவாறு இது எழுதப்பட்டுள்ளது.

1. பிறப்பும் கல்வியும்

ஸ்டௌடிங்கர் 1881ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் திகதி ஜேர்மனியின் வோர்ம்ஸ் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் பிரான்ஸ் ஸ்டௌடிங்கர் ஓர் ஆசிரியர். மெய்யியலில் ஈடுபாடு கொண்டவர். கூட்டுறவு இயக்கத்திலும் உழைத்தவர். சமூகத்தைப் பற்றிச் சிந்திக்கும் பண்பு மகனுக்கும் தந்தை வழியாக வந்தது எனலாம்.

இளமையில் ஸ்டௌடிங்கருக்கு விருப்பமான துறை இரசாயனவியல் அன்று, தாவரவியலே. தாவரங்களை ஆழமாக அறிய விரும்பினால் முதலில் இரசாயனவியலைக் கற்க வேண்டும் என்று அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அதனை ஏற்று ஹாலே, டாம்ஸ்டாட், மியூனிக் ஆகிய இடங்களில் இரசாயனவியல் பயின்றார். 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாவரவியலுக்கு வழியாகத் தேர்ந்த துறையே அவரது வாழ்நாள் துறையாயிற்று. எனினும் தாவர ஆசை அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் அவர் ஆராய்ந்த இறப்பரும் செலுலோசும் தாவரங்கள் தந்த பொருள்களே என்பது கவனிக்கத்தக்கது.

2. ஆய்வுலகில் முதற் காலடிகள்

பட்டம் பெற்றபின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பேராசிரியர் தீலேயின் கீழ் பணியாற்றினார். அங்கு 1905இல் கீற்றீன் எனப்படும் புதிய சேதனச் சேர்வை வகையைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 24 மாத்திரமே. 1907இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்குதான் இறப்பரின் அடிப்படை அலகாகிய ஐசோபிரீனை ஆக்கும் ஆய்வில் ஈடுபட்டார். 1912இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே புகழ்பெற்ற அறிஞர் வில்ஸ்ராட்டர் வகித்த பதவி அவருக்கு வழங்கப்பட்டது.

சூரிச்சில் அவர் தொட்ட துறைகள் பல. பைரேத்திரப் பூவிலுள்ள பூச்சிநாசினிப் பொருளை ருசிச்கா என்பவரோடு ஆராய்ந்தார். கோப்பியின் நறுமணத்துக்குக் காரணமான பொருள்களை ரைக்ஸ்டைன் என்பவரோடு ஆராய்ந்தார். இவ்விருவரும் அவரிடம் பயின்றவர்கள். ருசிச்கா 1939இலும் ரைக்ஸ்டைன் 1950இலும் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கோ அப்பரிசு 1953இல்தான் கிடைத்தது. மாணவர்கள் முந்திக்கொள்ள ஆசிரியர் காத்திருந்த கதை இது.

3. போரும் மனச்சாட்சியும்

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. 1915இல் ஜேர்மனி போர்க்களத்தில் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியது. அதற்கு முன்னின்று உழைத்தவர் பிரிட்ஸ் ஹேபர் என்னும் பெரும் இரசாயன அறிஞர். நாட்டுப்பற்று என்ற பெயரில் பல அறிஞர்கள் அதனை ஆதரித்தனர்.

சுவிற்சர்லாந்தில் இருந்த ஸ்டௌடிங்கர் வேறு விதமாகச் சிந்தித்தார். 1917இல், அமெரிக்காவின் தொழில் வலிமை எதிரணியோடு சேர்ந்தபின் ஜேர்மனியால் வெல்ல முடியாது என்று கணக்குக் காட்டி எழுதினார். 1919இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சஞ்சிகையில் நவீன தொழில்நுட்பமும் போரும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, நச்சுவாயுப் போரின் கொடுமையை எடுத்துக் காட்டினார். தாய்நாடு தோல்வியுற்று நிற்கும் வேளையில் அதற்குத் தீங்கு செய்துவிட்டதாக ஹேபர் அவரைக் கடிந்துகொண்டார். ஸ்டௌடிங்கர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்நிகழ்ச்சியை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதன் விளைவை அவர் பதினான்கு ஆண்டுகளின் பின் அனுபவிக்க நேர்ந்தது.

4. அக்காலத்தில் நிலவிய கொள்கை

இறப்பர் மரம் நமக்குப் புதியதன்று. 1876இல் பிரேசிலிலிருந்து சேகரிக்கப்பட்ட விதைகள் இங்கிலாந்தில் முளைக்க வைக்கப்பட்டு, கன்றுகளாக இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியத் தோட்டங்களின் இறப்பர் உலகச் சந்தையை நிறைத்தது. ஆனால் மரத்தில் வடியும் அப்பாலின் உள்ளே இருப்பது எத்தகைய மூலக்கூறு என்பதை எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை.

அக்கால அறிஞர் பலர் ஏற்றுக்கொண்டது திரட்சிக் கொள்கை ஆகும். அதன்படி, இறப்பர் என்பது சிறிய வளைய மூலக்கூறுகளின் குவியல். அம்மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் எஞ்சிய கவர்ச்சி அவற்றை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கின்றது. நெல்மணிகள் குவிந்து நெற்குவியல் ஆவதுபோல என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். குவியல் பெரிதாயினும் மணி சிறியதே.

இக்கொள்கைக்குக் காரணங்களும் இருந்தன.

(அ) சேதன இரசாயனத்தின் மாமேதையான எமில் பிஷர் போன்றோர், மூலக்கூற்றுத் திணிவு சுமார் 5000ஐத் தாண்டாது என்று கருதினர்.

(ஆ) ஒரு பொருளைக் கரைத்து, கரைசலின் உறைநிலை எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து மூலக்கூற்றுத் திணிவைக் கணிப்பதே அக்கால முறை. மூலக்கூறு மிகப் பெரியதாயின் அத்தாழ்வு மிக மிகச் சிறியதாகிவிடும். சாதாரண வெப்பமானிக்கு அகப்படாது. சிறிதளவு மாசு இருந்தாலும் விடை பிழைத்துவிடும்.

(இ) எக்ஸ் கதிர் ஆய்வில் செலுலோசு போன்றவற்றின் பளிங்கு அலகு மிகச் சிறியதாகத் தெரிந்தது. அலகைவிட மூலக்கூறு பெரிதாக இருக்க முடியாது என்று பளிங்கியல் அறிஞர்கள் நம்பினர்.

எனவே எதிர்த்தவர்கள் அறியாமையால் எதிர்க்கவில்லை. தம் காலத்து அளவைகள் காட்டியதையே அவர்கள் நம்பினர். குறை அளவைகளில் இருந்தது.

5. ஐதரசன் பரிசோதனை

1920இல் ஸ்டௌடிங்கர் பல்பகுதியமாதல் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இறப்பர், பொலிஸ்டைரீன் முதலியவை சிறிய மூலக்கூறுகளின் குவியல் அல்ல. சாதாரணப் பங்கீட்டு வலுப்பிணைப்பினாலேயே தொடுக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள் என்று அதில் கூறினார். நெற்குவியலுக்குப் பதிலாக நூலில் கோத்த மாலை என்று கொள்க.

வெறும் கூற்றோடு அவர் நிற்கவில்லை. எதிரணியின் கொள்கை சரியாயின் என்ன நடக்க வேண்டும் என்று அவர்களது வழியிலேயே சிந்தித்தார். இறப்பரின் சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பவை இரட்டைப் பிணைப்புகளின் கவர்ச்சி என்றால், அவ்விரட்டைப் பிணைப்புகளை ஐதரசன் சேர்த்து இல்லாமற் செய்துவிட்டால் என்ன ஆகும்? கவர்ச்சி அற்றுப்போகும்; குவியல் சிதறும்; காய்ச்சி வடிக்கக்கூடிய ஒரு சாதாரணத் திரவம் கிடைக்க வேண்டும்.

1922இல் பிரிட்சி என்னும் மாணவரோடு இப்பரிசோதனையைச் செய்து வெளியிட்டார். இறப்பர் ஐதரசனை ஏற்றுக்கொண்டது. இரட்டைப் பிணைப்புகள் மறைந்தன. ஆனால் திரவம் கிடைக்கவில்லை. கிடைத்த பொருள் முன்போலவே காய்ச்சி வடிக்க முடியாததாகவும், கரைத்தால் கூழ்நிலைக் கரைசல் தருவதாகவும் இருந்தது. கட்டியிருந்ததாகச் சொல்லப்பட்ட கயிற்றை அறுத்த பின்னும் கட்டு அவிழவில்லை. அப்படியாயின் கட்டியிருந்தது அக்கயிறு அன்று. மூலக்கூறே நீளமானது.

இவ்வாய்விலேயே மாமூலக்கூறு என்னும் சொல்லை அவர் உலகுக்கு வழங்கினார்.

6. எதிர்ப்பும் உறுதியும்

பரிசோதனை தெளிவாக இருந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலண்ட் நட்போடு ஓர் அறிவுரை கூறினார். பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடுமாறும், இறப்பரை நன்கு தூய்மையாக்கினால் அது பளிங்காகித் தன் சிறிய மூலக்கூற்றைக் காட்டிவிடும் என்றும் அவர் கருத்துத் தெரிவித்தார். 1925இல் சூரிச் இரசாயனச் சங்கத்தில் ஸ்டௌடிங்கர் ஆற்றிய உரையின்போதும் கடும் மறுப்பு எழுந்தது.

அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கீற்றீன் ஆய்வால் நற்பெயர் பெற்ற பேராசிரியர் அவர். அத்துறையிலேயே இருந்திருந்தால் பாராட்டோடு காலம் கழித்திருக்கலாம். அதனை விட்டு, தூய்மையாக்கவும் முடியாத, பளிங்காகவும் மறுக்கும் பிசின் போன்ற பொருள்களில் அவர் இறங்கினார். சக அறிஞர் பலர் அதனைத் தாழ்வான வேலை என்றே கருதினர்.

7. ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டிய சங்கிலி

இயற்கை இறப்பர் சிக்கலானது. ஆகையால் எளிய மாதிரி ஒன்றை ஸ்டௌடிங்கர் தேர்ந்தார். அது போமல்டிகைட்டு என்னும் சிறிய மூலக்கூற்றிலிருந்து உண்டாகும் பொலிஒட்சிமெதிலீன். இதன் ஒவ்வொரு கண்ணியின் சார் திணிவு 30. சங்கிலியின் இரு முனைகளையும் அசற்றைல் கூட்டங்களால் மூடினார். அப்போது சங்கிலி குலையாமல் நின்றது.

ஒரு கண்ணி கொண்டது, இரண்டு கண்ணி கொண்டது, மூன்று கண்ணி கொண்டது எனச் சங்கிலிகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து அவரது குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றின் சார் மூலக்கூற்றுத் திணிவுகள் 132, 162, 192, 222 என 30 வீதம் ஏறிச் சென்றன. (முனைக் கூட்டங்களுக்குரிய பங்கு 102, கண்ணிக்கு 30.) சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறியது; கரையும் தன்மை குறைந்தது. எந்த இடத்திலும் திடீர் மாற்றம் இல்லை. சிறிய மூலக்கூற்றிலிருந்து பெரிய மூலக்கூறுவரை ஒரே ஏணியில் படிப்படியாக ஏறலாம் என்பது இதனால் புலனாயிற்று. இப்பொருளின் எக்ஸ் கதிர் ஆய்வு, மூலக்கூறு பளிங்கு அலகைவிட நீளமாக இருக்கலாம் என்பதையும் காட்டியது. ஒரே சங்கிலி பல அலகுகளினூடாகச் செல்ல முடியும் என்பதே விளக்கம்.

இவ்வேணியை மாணவர்கள் மறக்க வேண்டாம். பகுதி 12இல் இது மீண்டும் வரும்.

8. டுசெல்டோர்வ் கூட்டம் – 1926

1926ஆம் ஆண்டு ஸ்டௌடிங்கரின் வாழ்வில் திருப்புமுனையாகும். அவ்வாண்டு ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மன் இயற்கை ஆய்வாளர், மருத்துவர் சங்கத்தின் மாநாடு டுசெல்டோர்வ் நகரில் நடைபெற்றது. பேர்க்மன், பிரிங்ஸ்ஹைம் முதலியோர் திரட்சிக் கொள்கைக்காகப் பேசினர். ஹேர்மன் மார்க் என்னும் இளம் அறிஞர், பளிங்கு அலகு சிறியது என்பதைக் கொண்டு மாத்திரம் மூலக்கூறு சிறியது என்று முடிவு செய்ய இயலாது என்று விளக்கினார். ஸ்டௌடிங்கர் தம் பரிசோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அன்று எல்லோரும் மனம் மாறவில்லை. ஆயினும் காற்று திரும்பத் தொடங்கியது. சுவீடன் நாட்டின் ஸ்வெட்பேர்க் தமது மீவேகச் சுழற்சிக் கருவியால் புரதங்களின் மூலக்கூற்றுத் திணிவு பல்லாயிரம் என்று காட்டினார். அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் என்பவர் தெரிந்த பிணைப்புகளையே கொண்டு நீண்ட சங்கிலிகளைத் திட்டமிட்டு ஆக்கினார்; 1935இல் நைலோன் அவ்வழியில் பிறந்தது. 1930களில் மாமூலக்கூற்றுக் கொள்கை பொதுவாக ஏற்கப்பட்டது.

ஸ்டௌடிங்கர், மக்டா வோயிட் என்பவரை மறுமணம் செய்தார். லற்வியாவைச் சேர்ந்த இவ்வம்மையார் ஒரு தாவர உடற்றொழிலியல் அறிஞர். கணவரின் ஆய்விலும் எழுத்திலும் துணைநின்றார். தாவரவியல் கற்க ஆசைப்பட்ட இளைஞனின் வாழ்வில் தாவரவியல் இவ்வாறு திரும்பி வந்தது.

9. பிசுக்குமை விதியும் ஒரு பிழையும்

சங்கிலி நீளமானது என்றால் எவ்வளவு நீளம்? இதனை அளக்க ஸ்டௌடிங்கர் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். ஒரு நுண்குழாயினூடாகக் கரைசல் வடிய எவ்வளவு நேரம் எடுக்கின்றது என்று பார்த்தார். சங்கிலி நீளமானால் கரைசல் பிசுபிசுப்பாகி மெதுவாக வடியும். பிசுக்குமைக்கும் மூலக்கூற்றுத் திணிவுக்கும் நேர்விகிதத் தொடர்பு உண்டு என்று 1930இல் விதி வகுத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் எந்த ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய முறையாதலால் இது விரைவாகப் பரவியது.

இங்கு ஓர் உண்மையைக் கூற வேண்டும். ஸ்டௌடிங்கர் தம் சங்கிலிகளை விறைப்பான கோல்கள்போல் எண்ணினார். உண்மையில் அவை வளைந்து நெளிந்து நூற்பந்துபோல் சுருண்டிருப்பவை என்று வேர்னர் கூன், மார்க் முதலியோர் காட்டினர். அதற்கேற்ப அவரது விதியும் பின்னர் திருத்தப்பட்டது. சுருளும் சங்கிலி என்ற கருத்தை ஏற்க அவர் நெடுங்காலம் தயங்கினார். பிறருடைய பிடிவாதத்தால் துன்பப்பட்டவரும் ஓரிடத்தில் பிடிவாதம் பிடித்தார் என்பது வரலாறு.

10. நாஸி ஆட்சியின் கீழ்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு பிரைபேர்க் பல்கலைக்கழகத்தின் முதல்வராகப் பொறுப்பேற்றவர் புகழ்பெற்ற மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்டௌடிங்கர் எழுதியவையும் பேசியவையும் தேசத்துக்கு எதிரானவை என்று அவர் அதிகாரிகளுக்கு அறிவித்தார். இரகசியப் பொலிஸார் பழைய கோவைகளைத் தோண்டினர். 1934இல் ஸ்டௌடிங்கர் விசாரிக்கப்பட்டார். அவரைப் பணிநீக்கம் செய்யுமாறு முதல்வர் பரிந்துரைத்தார்.

ஈற்றில் ஸ்டௌடிங்கரிடம் ஓர் இராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கப்பட்டது. அது உடனே செயற்படுத்தப்படவில்லை. தலைக்கு மேல் தொங்கும் வாள்போல் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்து, பின் கைவிடப்பட்டது. பதவி தப்பியது. ஆனால் பழைய சுதந்திரம் திரும்பவில்லை.

1940இல் பிரைபேர்க்கில் மாமூலக்கூற்று இரசாயனத்துக்கெனத் தனி ஆய்வுப் பிரிவு அமைந்தது. 1944 நவம்பர் 27ஆம் திகதி நகர்மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் இரசாயன ஆய்வுகூடம் அழிந்தது. 63 வயதில் அவர் மீண்டும் அடித்தளத்திலிருந்து தொடங்கினார். 1947இல் மாமூலக்கூற்று இரசாயனத்துக்கான சஞ்சிகையை நிறுவினார். 1951இல் ஓய்வு பெற்றார்.

11. நோபல் பரிசும் இறுதிக் காலமும்

1953ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு ஸ்டௌடிங்கருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 72. முதற் கட்டுரை வெளிவந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் நைலோனும் பொலித்தீனும் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. 1961இல் தமது ஆய்வு நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி பிரைபேர்க்கில் காலமானார்.

12. அவர் காணாத கருவி

ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க ஸ்டௌடிங்கரால் முடியவில்லை. பிசுக்குமை தருவது சராசரி மாத்திரமே. ஒரு வகுப்பின் சராசரி வயது 17 என்றால், அவ்வகுப்பில் யார் யார் உள்ளனர் என்று அதிலிருந்து சொல்ல முடியாதல்லவா?

மூலக்கூறுகளை நிறுக்கும் கருவி அவர் காலத்திலேயே இருந்தது. அதுவே திணிவுத் திருசியமானி (திணிவு நிறமாலைமானி என்றும் கூறுவர்). ஜே. ஜே. தொம்சன் 1912–1913இல் நேயன் வாயுவில் 20, 22 என இருவகை அணுக்கள் உள்ளதைக் கண்டார். அவரது உதவியாளர் அஸ்ரன் 1919இல் செம்மையான கருவி அமைத்துப் பல சமதானிகளைக் கண்டறிந்து 1922இல் நோபல் பரிசு பெற்றார். ஸ்டௌடிங்கர் மாமூலக்கூறு என்ற சொல்லை வழங்கியதும் அதே 1922இல்தான்.

ஆயினும் இரண்டும் சந்திக்கவில்லை. ஏன்? இக்கருவியில் பொருள் முதலில் வாயுநிலைக்கு வந்து, மின்னேற்றம் பெற்று அயனாக வேண்டும். அயன்களை மின்புலமும் காந்தப்புலமும் திணிவுக்கேற்பப் பிரிக்கும். மாமூலக்கூற்றைச் சூடாக்கினால் அது ஆவியாகாது. துண்டு துண்டாகச் சிதையும். நிறுவைத் தராசு இருந்தும் பொருளை உடையாமல் தட்டில் வைக்க வழி இருக்கவில்லை.

வழி 1980களில் பிறந்தது. ஜப்பானின் சிமாட்சு நிறுவனத்தில் பணியாற்றிய கொய்ச்சி தனாக்கா, மாமூலக்கூறுகளை நுண்ணிய உலோகத்தூளும் கிளிசரோலும் கலந்த ஊடகத்தில் வைத்து, லேசர் ஒளியைக் கணநேரம் பாய்ச்சி, சிதையாமல் மேலெழச் செய்தார். 1987இல் புரதங்களிலும் செயற்கைப் பல்பகுதியங்களிலும் இதனைச் செய்து காட்டினார். ஜேர்மனியில் காறாஸ், ஹில்லன்காம்ப் ஆகியோர் ஒளியை உறிஞ்சும் சேதனப் பளிங்குகளை ஊடகமாகக் கொண்டு இன்னொரு முறையை வளர்த்தனர். இன்று பெரிதும் கையாளப்படுவது இதுவே. அமெரிக்காவின் ஜோன் பென் மின்னேற்றிய நுண்துளிகளாகக் கரைசலைச் சிதறச் செய்யும் முறையை உருவாக்கினார். பென், தனாக்கா ஆகியோர் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பல்பகுதியத்தின் கட்டமைப்பை இக்கருவி எவ்வாறு காட்டுகின்றது? பற்பசை, பூச்சு மருந்து முதலியவற்றில் சேரும் பொலிஎதிலீன் கிளைக்கோலை எடுத்துக்கொள்வோம். லேசரால் எழும் சங்கிலி ஒவ்வொன்றிலும் ஒரு சோடியம் அயன் ஒட்டிக்கொள்கின்றது. அவை ஒரு நீண்ட குழாயினூடாகப் பறக்கின்றன. இலேசானவை முந்தியும் பாரமானவை பிந்தியும் சென்றடைகின்றன. பறக்கும் நேரத்திலிருந்து திணிவு கணிக்கப்படுகின்றது. தாளில் சீப்பின் பற்கள்போல் சம இடைவெளியில் உச்சங்கள் தோன்றும்: 921, 965, 1009…

இதனை வாசிக்கும் முறை:

படி 1: அடுத்தடுத்த உச்சங்களின் வித்தியாசம் 965 – 921 = 44. இது ஒரு கண்ணியின் திணிவு. (பொலிஸ்டைரீன் ஆயின் 104 வரும்.)

படி 2: 921இலிருந்து சோடியத்தின் 23ஐக் கழிக்க 898.

படி 3: 898ஐ 44ஆல் வகுக்க 20; மீதி 18. எனவே கண்ணிகள் 20. மீதி 18 முனைக் கூட்டங்களுக்குரியது: ஒரு முனையில் ஐதரசன் (1), மறுமுனையில் ஐதரொட்சில் (17).

படி 4: ஒரு முனையில் ஐதரசனுக்குப் பதில் மெதைல் கூட்டம் இருந்தால் மீதி 32 ஆகும், 20 கண்ணிச் சங்கிலியின் உச்சம் 935இல் தோன்றும்.

இவ்வாறு கண்ணி எது, எத்தனை கண்ணி, முனையில் இருப்பது என்ன, எந்த நீளச் சங்கிலி எவ்வளவு உண்டு என்பனவெல்லாம் ஒரே தாளில் தெரியவருகின்றன. ஒரே திணிவுடைய இருவேறு அமைப்புகளைப் பிரித்தறிய, ஒரு சங்கிலியை மாத்திரம் தெரிந்தெடுத்து வேண்டுமென்றே உடைத்து, துண்டுகளின் திணிவையும் அளப்பர். எல்லாப் பல்பகுதியங்களுக்கும் இது இலகுவன்று. பொலித்தீன் போன்றவற்றில் அயன் ஒட்டிக்கொள்ள ஏற்ற இடம் இல்லாமையால் அவை இம்முறைக்குக் கடினமானவை. மிக நீண்ட சங்கிலிகள் கலந்திருந்தால் அவை குறைவாகப் பதிவாவதும் உண்டு. ஆகவே பிசுக்குமை போன்ற பழைய முறைகள் வழக்கொழியவில்லை.

இப்போது பகுதி 7இன் ஏணியை நினைவுகூர்க. 132, 162, 192 என்று ஸ்டௌடிங்கரின் குழுவினர் நாட்கணக்கில் பிரித்தெடுத்துக் கண்ட படிகளும், 921, 965, 1009 என்று கருவி கணப்பொழுதில் வரையும் படிகளும் ஒரே வகையானவை. இரண்டிலும் வித்தியாசம் கண்ணியைச் சொல்கின்றது. மீதி முனையைச் சொல்கின்றது. உச்சங்களுக்கிடையே சம இடைவெளி இருப்பதே, பல்பகுதியம் ஒரே கண்ணி மீண்டும் மீண்டும் தொடுத்த சங்கிலி என்பதற்குக் கண்கண்ட சான்று.

முடிவுரை

ஸ்டௌடிங்கரிடம் பெருங்கருவிகள் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு கேள்வி: எதிராளி சொல்வது உண்மையானால் அடுத்து என்ன நடக்க வேண்டும்? அக்கேள்வியைப் பரிசோதனையாக மாற்றி, கிடைத்த விடையைக் கைவிடாது பிடித்துக்கொண்டார். நச்சுவாயுவை எதிர்த்தபோதும் மாமூலக்கூற்றுக்காக வாதாடியபோதும் பெரும்பான்மை அவர் பக்கம் இருக்கவில்லை. முன்னதற்காக அவர் தம் பதவியையே இழக்கும் நிலைக்கு வந்தார். பின்னதற்கு அவர் உயிரோடிருக்கும்போதே மதிப்பும், இறந்தபின் கருவியின் சாட்சியும் கிடைத்தன.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1881 – வோர்ம்ஸ் நகரில் பிறப்பு
1903 – கலாநிதிப் பட்டம்
1905 – கீற்றீன் கண்டுபிடிப்பு
1912 – சூரிச்சில் பேராசிரியர்
1920 – பல்பகுதியமாதல் பற்றிய கட்டுரை
1922 – இறப்பருக்கு ஐதரசன் சேர்த்த பரிசோதனை. மாமூலக்கூறு என்னும் சொல்
1926 – பிரைபேர்க் பதவி, டுசெல்டோர்வ் கூட்டம்
1930 – பிசுக்குமை விதி
1944 – குண்டுவீச்சில் ஆய்வுகூடம் அழிவு
1953 – நோபல் பரிசு
1965 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. திரட்சிக் கொள்கைக்கும் மாமூலக்கூற்றுக் கொள்கைக்கும் இடையிலான வேறுபாட்டை ஓர் உவமை மூலம் விளக்குக.

2. இறப்பருக்கு ஐதரசன் சேர்த்த பரிசோதனையில் எதிர்பார்க்கப்பட்டது யாது? கிடைத்தது யாது? அதிலிருந்து பெறப்படும் முடிவு யாது?

3. 1919இல் எழுதிய கட்டுரை ஸ்டௌடிங்கரின் பிற்கால வாழ்வை எவ்வாறு பாதித்தது?

4. 1922இல் திணிவுத் திருசியமானி இருந்தும் அதனால் மாமூலக்கூறுகளை ஆராய முடியாமற் போனமைக்குக் காரணம் தருக.

5. ஒரு பொலிஎதிலீன் கிளைக்கோல் மாதிரியில் சோடியம் ஒட்டிய சங்கிலியின் உச்சம் 1053இல் தோன்றுகின்றது. கண்ணிகளின் எண்ணிக்கையையும் முனைக் கூட்டங்களின் மொத்தத் திணிவையும் காண்க. (விடை: 1053 – 23 = 1030; 1030ஐ 44ஆல் வகுக்க 23, மீதி 18. கண்ணிகள் 23, முனைக் கூட்டங்கள் 18.)

6. அறிஞரும் தவறக்கூடும் என்பதற்குப் பிசுக்குமை விதி எவ்வாறு எடுத்துக்காட்டாகின்றது?